அம்மணியின் வயிறு

தேசத்தில் கவனிக்க வேண்டிய காரியங்கள் எத்தனையோ இருக்கின்றன. விலைவாசி இருக்கிறது, மழை இருக்கிறது, மழை இல்லாமையும் இருக்கிறது. இவ்வளவையும் விட்டுவிட்டு ஒரு பூனையின் வயிற்றைப் பற்றி எழுதப் புகுந்தது என்ன நியாயம் என்று நேயர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டியதுதான். ஆனால் நடுநிசியில், கூடத்தின் மத்தியில், புதிதாக விரித்த பவானி ஜமக்காளத்தின் மேல், தங்கள் வீட்டுப் பூனைக்கு வயிறு கெட்டுப் போனதைக் கண்ணாரக் கண்டவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். அந்த வேளையில் உலகத்தின் மற்றப் பிரச்னைகள் எல்லாம் தாமாகவே ஒதுங்கி நின்று வழி விட்டுவிடும்.

நமது வீட்டுப் பூனைக்கு அம்மணி என்று பெயர். பெயர் சூட்டியவள் நமது புதல்வி, வயது பத்து. அம்மணிக்கு வயது நாலு. எடையும் ஏறக்குறைய நாலு கிலோ. நமது வீடோ மரக்கறி உணவு வீடு. அம்மணியோ பிறவியிலேயே மாமிச பட்சணி. இந்தச் சங்கடத்தை நமது அத்தை ஒரு ராஜ தந்திரத்தினால் சமாளித்து வந்தாள். கடையில் பையில் அடைத்து விற்கும் உலர்ந்த பூனைத் தீனிக்கு அவள் 'பிஸ்கோத்து' என்று நாமகரணம் செய்திருந்தாள். அந்தப் பிஸ்கோத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அவள் ஒரு நாளும் விசாரித்ததில்லை, நாமும் சொன்னதில்லை. உலகத்தில் பல சமாதான உடன்படிக்கைகள் இப்படித்தான் நிலைத்து நிற்கின்றன.

இவ்வாறு காலம் சுகமாய்க் கழிந்துகொண்டிருக்கையில், கோகுலாஷ்டமி வந்தது. கண்ணனுக்கு நிவேதனமான பால் பாயசத்தில் ஒரு கிண்ணம் அம்மணிக்கும் போயிற்று. "வாயில்லா ஜீவன், நாமெல்லாம் சாப்பிடும்போது அது மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதா?" என்றாள் அத்தை. போதாதென்று, அடி மண்டியிலிருந்த காய்ச்சிய பாலும் அதன் பங்குக்கு வந்து சேர்ந்தது. அம்மணி எதையும் மறுக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு ஊஞ்சலின் கீழே போய்ப் படுத்தது. இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் ஜமக்காளத்தின் கதை நடந்தது.

பூனை என்றால் பால் என்பது நமது ரத்தத்தில் ஊறிப்போன நம்பிக்கை. பூனைக்குப் பால் வார்க்காத கதை ஏது, பழமொழி ஏது? இராமகாதை பாடப் புகுந்த கம்பர் பெருமான்கூட, அவையடக்கமாகத் தம்மைப் பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்குத்தான் ஒப்பிட்டுக்கொண்டார். அந்தப் பூனை கடலைக் குடித்து முடித்ததா என்பதைப் பற்றியே ரஸிகர்கள் இதுவரை சிந்தித்திருக்கிறார்கள். மறுநாள் அதன் வயிறு என்ன பாடு பட்டிருக்கும் என்று யாரும் சிந்தித்ததில்லை. நமக்கு அந்த ஞானம் ஜமக்காளத்தை அலசும்போது உதயமாயிற்று.

விஷயம் இதுதான். பாலில் ஒருவகைச் சர்க்கரை இருக்கிறது. லாக்டோஸ் என்று அதற்குப் பெயர். அதைச் செரிக்கச் செய்யும் பொருள் குட்டிப் பூனையின் குடலில் ஏராளமாக ஊறுகிறது. தாய்ப்பால் மறந்த பிறகு அது குறைந்துவிடுகிறது. ஆகவே பெரிய பூனை பசும்பாலைக் குடித்தால், செரிக்காத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது, அங்கேயுள்ள கிருமிகள் அதைப் புளிக்க வைக்கின்றன, வயிறு பொருமுகிறது, பேதியாகிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. பூனையின் நாக்குக்குத் தித்திப்பே தெரியாது. தித்திப்பை அறியும் மரபணு பூனை இனத்தில் பழுதுபட்டிருக்கிறது என்பதை 2005-ஆம் வருஷத்தில் விஞ்ஞானிகள் கண்டறிந்து வெளியிட்டார்கள். அத்தை ஏலக்காய் பொடித்துப் போட்டுச் செய்த பாயசத்தின் பிரதான குணமே அம்மணிக்குத் தெரியாமல் போயிற்று! பாலின் கொழுப்புக்காகக் குடித்து, சர்க்கரைக்காகத் தண்டனை அனுபவித்தது.

பொழுது விடிந்ததும் வைத்திய மகாநாடு கூடியது. நமது தெருவில் வைத்தியம் தெரியாதவர் யாரும் இல்லை. கட்டணம் வாங்குகிறவர் ஒருவரும் இல்லை என்பது மட்டுந்தான் குறை.

அத்தை முதலில் பேசினாள். "லங்கனம் பரம ஔஷதம். மூன்று நாளைக்கு ஒன்றும் கொடுக்காதே. வயிறு தானே சரியாகிவிடும்" என்றாள்.

மாடி வீட்டுப் பாட்டி, தொட்டியில் வளரும் கற்பூரவல்லியைக் கசக்கிச் சாறு எடுத்து ஊற்றலாம் என்றாள். குழந்தைகளுக்குச் சளி பிடித்தால் நாம் அதைத்தானே கொடுக்கிறோம்?

எதிர் வீட்டு மாமா அம்மணியின் காதைத் தொட்டுப் பார்த்தார். "கொதிக்கிறதே! இது வெறும் வயிற்றுப் போக்கு அல்ல, ஜுரம்" என்றார். உடனே வீட்டுக்குப் போய் ஓர் அட்டை மாத்திரையுடன் திரும்பி வந்தார். நாமெல்லோரும் தலைவலி என்றால் விழுங்குகிறோமே, அந்தப் பாரஸிட்டமால்தான். "அரை மாத்திரை போதும், சின்னப் பிராணிதானே?" என்றார்.

நேயர்களிடம் நாம் ஒன்றையும் மறைக்கப் போவதில்லை. அரை மாத்திரையைப் பொடி செய்தவர் சாக்ஷாத் நாமே. கரண்டியில் நீர் விட்டுக் குழைத்தும் ஆயிற்று. அம்மணியை மடியில் வைத்துக்கொண்டிருந்த நமது பெண் அப்போது, "அப்பா, மனுஷா மருந்து பூனைக்கு ஆகுமா? யாரையாவது கேட்டுவிட்டுக் கொடுக்கலாமே!" என்றாள். நமக்குச் சற்றுக் கோபம் வந்தது. ஆயினும் கரண்டியைக் கீழே வைத்தோம். அந்தக் கரண்டியை நினைத்தால் இன்றைக்கும் நமக்கு உடம்பு நடுங்குகிறது.

சென்னை வேப்பேரியில் 1903-ஆம் வருஷத்தில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, தலைமுறை தலைமுறையாக வைத்தியர்களைத் தயார் செய்து அனுப்பி வருகிறது. அங்கே படித்துப் பட்டம் பெற்ற ஒரு டாக்டர் அம்மாள் நமது பேட்டையில் இருக்கிறார். அவரை டெலிபோனில் கூப்பிட்டோம். அரை மாத்திரைக் கதையைச் சொன்னதும் அவர் போட்ட சத்தம், டெலிபோன் இல்லாமலே கேட்டிருக்கும்.

"கொடுத்துவிட்டீர்களா, சார்?"

"இல்லை."

"பிழைத்தது பூனை! அதை முதலில் குப்பையில் கொட்டுங்கள்."

பிறகு நிதானமாக விளக்கினார். நமது ஈரல் அந்த மருந்தைப் பக்குவப்படுத்தி வெளியே அனுப்பிவிடுகிறது. அதற்கு வேண்டிய சாதனம் பூனையின் ஈரலில் மிகவும் குறைவு. தேங்கி நிற்கும் மருந்து விஷமாகி, ரத்தத்தின் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. ரத்தம் பிராண வாயுவைச் சுமக்கும் சக்தியை இழக்கிறது, ஈறுகள் பழுப்பேறுகின்றன, முகமும் பாதங்களும் வீங்குகின்றன. ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடக் கூடும். ஜுரம் என்பதும் பிரமைதான். பூனையின் இயற்கையான உடம்புச் சூடே சுமார் 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை. நமது கைக்கு எந்தச் சௌக்கியமான பூனையும் ஜுரமாகத்தான் தோன்றும்.

மனிதர்களுக்குப் பேதியை நிறுத்தும் மாத்திரைகளையும் கேளாமல் கொடுக்கக் கூடாது என்றார். கற்பூரவல்லியும் வேண்டாம், பூனைக்கு ஆகாத செடிகளின் ஜாபிதாவில் அது சேர்ந்திருக்கிறது, வாந்தியையும் பேதியையும் அதுவே உண்டாக்கும். வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. அவையும் சிவப்பணுக்களை அழிக்கும். ஆக, நமது மகாநாட்டின் தீர்மானங்கள் ஒவ்வொன்றாகத் தள்ளுபடியாகி வந்தன. எஞ்சியது அத்தையின் லங்கனம் ஒன்றுதான்.

"அதுவும் கூடாது, சார். மனிதர் பட்டினி கிடக்கலாம். பூனை கிடக்கக் கூடாது. இரண்டு மூன்று நாள் இரை எடுக்காத பூனையின் உடம்பு, தன் கொழுப்பைக் கரைத்து ஈரலுக்கு அனுப்புகிறது. அவ்வளவு கொழுப்பைப் பூனையின் ஈரலால் சமாளிக்க முடியாது. ஈரல் அடைத்துக்கொண்டு மஞ்சள் காமாலை வரும், உயிருக்கே ஆபத்து. கொழுத்த பூனைக்கு இன்னும் அதிக ஆபத்து" என்றார் டாக்டர் அம்மாள்.

எல்லோரும் கேட்கும்படியாக டெலிபோனைத் திருப்பி வைத்திருந்தோம். அத்தையின் முகம் சட்டென்று மாறியதை அப்போதுதான் கவனித்தோம்.

நாற்பது வருஷங்களுக்கு முன், நாம் பத்து வயதுப் பையனாக இருந்தபோது, கிராமத்து வீட்டில் கருப்பி என்று ஒரு பூனை இருந்தது. அத்தை தனி மனுஷியாய் நமது வீட்டுக்கு வந்து சேர்ந்த வருஷத்தில் அதுவும் குட்டியாக வந்து சேர்ந்தது. அத்தையின் பாயில்தான் படுக்கும். அதற்கென்று ஒரு சிறு வெண்கலக் கிண்ணம் வைத்திருந்தாள். ஒரு சித்திரை மாதத்தில் கருப்பிக்கு வயிறு கெட்டது. வீட்டுப் பெரியவர்கள் சொன்னபடி அத்தை அதைக் காமரா அறையில் அடைத்து, மூன்று நாள் இரை கொடுக்காமல் காவல் இருந்தாள். கதவுக்குப் பின்னால் அது கத்திற்று; இந்தப் பக்கம் அத்தை அழுதாள். நாலாம் நாள் கதவைத் திறந்தபோது கருப்பி எழுந்திருக்கவில்லை. இரண்டு நாளில் போய்விட்டது. "அதன் ஆயுசு அவ்வளவுதான்" என்று அத்தை சொன்னாள். அப்புறம் அவள் எந்தப் பூனையையும் தொடவில்லை, அம்மணி வரும் வரையில்.

அத்தை டெலிபோன் அருகில் வந்து, "ஏம்மா, அப்படியானால் அன்றைக்கு அதை நான்தான்..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

டாக்டர் அம்மாளுக்கு முழுக் கதையும் தெரியாது, ஆனால் புரிந்துகொண்டார். "பாட்டி, என்றைக்கோ போன பூனைக்கு என்ன நோய் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. பேதிக்கு நூறு காரணம் இருக்கிறது. புழு இருக்கலாம், குட்டிகளைக் கூண்டோடு வாரிக்கொண்டு போகும் தொற்று நோய் ஒன்று இருக்கிறது, தடுப்பூசி போடாத பூனைகளுக்கு அது வரும், விஷமும் இருக்கலாம். அன்றைக்குத் தெரிந்ததை நீங்கள் அன்போடு செய்தீர்கள். இன்றைக்குத் தெரிந்ததை இந்தப் பூனைக்குச் செய்யுங்கள்" என்றார்.

பிறகு கேள்விகள் தொடங்கின. வாந்தி உண்டா? இல்லை. மலத்தில் ரத்தம் உண்டா? கீல் போல் கறுத்திருக்கிறதா? இல்லை. தடுப்பூசியும் புழு மருந்தும் கொடுத்திருக்கிறதா? கொடுத்திருக்கிறது. தண்ணீர் குடிக்கிறதா? குடிக்கிறது. சுறுசுறுப்பாக இருக்கிறதா? அந்தக் கணத்தில் அம்மணி சுவரிலிருந்த பல்லியைக் குறிவைத்துப் பதுங்கிக்கொண்டிருந்தது.

தோளுக்கு மேலுள்ள தோலை மெல்லத் தூக்கி விடச் சொன்னார். விட்டவுடன் அது தன் இடத்துக்குத் திரும்பினால் உடம்பில் நீர் இருக்கிறது; கூடாரம் போல் நின்றால் நீர் வற்றிவிட்டது. உதட்டை விலக்கி ஈறைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஈரமாகவும் இளஞ்சிவப்பாகவும் இருக்க வேண்டும். பிசுபிசுப்பும் வெளுப்பும் ஆகாது. அம்மணி இரண்டு பரீட்சைகளிலும் தேறியது. பரீட்சை செய்த நமது விரலில் மட்டும் ஒரு கீறல்.

"பால் அடியோடு நிற்கட்டும். இரை மட்டும் உள்ளே போக வேண்டும். தோலும் எலும்பும் இல்லாத கோழிக் கறியை உப்பு, மசாலா எதுவுமின்றி வேக வைத்து, சிறிது சிறிதாக நாலைந்து வேளை கொடுங்கள். ஒரு நாளில் குணம் தெரியாவிட்டால் கொண்டு வாருங்கள்" என்று சொல்லி டாக்டர் அம்மாள் டெலிபோனை வைத்தார்.

கூடத்தில் நிசப்தம் நிலவியது. அம்மணி காலையிலிருந்து பிஸ்கோத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. ஆனால் கோழிக் கறி! மூன்று தலைமுறையாக முட்டைகூட நுழையாத வீடு! நமது சகதர்மிணி நம்மைப் பார்த்தாள். நாம் கூரையைப் பார்த்தோம். அத்தையை யாரும் பார்க்கவில்லை.

அத்தை எழுந்தாள். புடைவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். நேரே கொல்லைப் புறத்து மதில் சுவரண்டை போய், "பீவி, இருக்கிறாயா அம்மா?" என்று கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுப் பீவி அம்மாள் எட்டிப் பார்த்தாள். பதினைந்து வருஷங்களாக அந்த மதில் சுவருக்கு மேல் முறுக்கும் பழமும் போயிருக்கின்றன. ரம்ஜானுக்குப் பேரீச்சம்பழம் வந்திருக்கிறது. கோழியைப் பற்றிய பேச்சு மட்டும் இதுவரை வந்ததில்லை.

அத்தை விஷயத்தைச் சொன்னாள். "இதற்கா இவ்வளவு தயக்கம், மாமி? பூனைக்கு இரக்கம் காட்டுவது எங்கள் மார்க்கத்திலும் புண்ணியம்தான்" என்றாள் பீவி அம்மாள். ஒரு மணி நேரத்தில் வாழை இலையால் மூடிய கிண்ணம் மதில் சுவரைத் தாண்டி வந்தது. வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, உப்பு இல்லை. "இப்படி ஒரு சமையலை என் வாழ்நாளில் செய்ததில்லை, மாமி" என்று பீவி அம்மாள் வருத்தப்பட்டுக்கொண்டாள். அம்மணிக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கொல்லைத் தாழ்வாரத்தில் மூன்று ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு, இன்னும் உண்டா என்று பார்த்தது. அத்தை சற்று எட்ட உட்கார்ந்து, மூக்கைத் தலைப்பால் மூடிக்கொண்டு, கண்ணை மட்டும் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையில் நமது பெண் பள்ளிக்கூடத்தில் கற்ற உப்பு சர்க்கரைக் கரைசலைத் தயாரித்துக்கொண்டு வந்தாள். அந்தக் கரைசலைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. காலராவில் நீர் வற்றியவர்களுக்கு நரம்பில் ஊசி ஏற்றினாலொழிய வேறு வழியில்லை என்று பெரும்பாலும் கருதப்பட்டு வந்த காலத்தில், கல்கத்தா வைத்தியர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய் வழியாகவே கொடுத்துக் குணப்படுத்தி, அதைப் பற்றி 1953-ல் 'லான்ஸெட்' பத்திரிகையில் எழுதினார். அந்தச் சிகிச்சையில் அவர் கற்பூரவல்லிச் சாற்றையும் பயன்படுத்தினார் என்று அறிந்தால், மாடி வீட்டுப் பாட்டி ஆறுதல் அடைவாள். 1971-ல் வங்காள யுத்தத்தின்போது, பங்காவ்ன் அகதி முகாமில் காலரா பரவி, ஊசி நீர் தீர்ந்து போயிற்று. அங்கே டாக்டர் திலீப் மஹலானபிஸ் அஞ்சாமல் கரைசலை அண்டா அண்டாவாகக் கலந்து கொடுத்து, ஆயிரக் கணக்கானவர்களைக் காப்பாற்றினார். சர்க்கரை குடலிலிருந்து உடம்புக்குள் உப்பைக் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறது. உப்பின் பின்னால் தண்ணீர் போகிறது. அவ்வளவுதான் தத்துவம். இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான வைத்திய முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று 1978-ல் அதே 'லான்ஸெட்' எழுதியது. மஹலானபிஸ் 2022-ல் காலமான பிறகு, 2023-ல் அவருக்குப் பத்மவிபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. நமது தேசத்து வைத்தியர்கள் உலகத்துக்குக் கொடுத்த கொடை இது.

ஆனால் அம்மணி தேசாபிமானத்துக்குக் கட்டுப்படவில்லை. கரைசலை முகர்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. வற்புறுத்தி ஊற்ற நாமும் துணியவில்லை. பூனையின் வாயில் பலவந்தமாக ஊற்றும் நீர் நுரையீரலுக்குள் போய் வேறு வியாதியை உண்டாக்கும். நீர் குடிக்கிற பூனைக்குச் சுத்தமான தண்ணீரே போதும். நீர் வற்றிய பூனைக்கு ஊசி வழியாக ஏற்ற வைத்தியர்தான் வேண்டும். ஆகவே வீட்டில் மூன்று இடங்களில் தண்ணீர் வைத்தோம். கோழி வெந்த நீரும் ஓரளவு உள்ளே போயிற்று.

அன்று இரண்டு தடவை. மறுநாள் ஒரு தடவை, அதுவும் சற்றுக் கெட்டியாக. மறுநாள் டாக்டர் அம்மாளின் யோசனைப்படி, வேக வைத்து மசித்த மஞ்சள் பூசணி ஒரு சிறு ஸ்பூன் கறியுடன் சேர்ந்தது. அதன் நார் நீரை உறிஞ்சி மலத்தைக் கட்டும். இதற்குப் பரங்கிக்காய் என்று வேறு பெயர் உண்டல்லவா? பரங்கியர் ஆட்சி போய்விட்டது. பரங்கிக்காய் மட்டும் நமது சாம்பாரில் குடியுரிமை பெற்றுவிட்டது. இப்போது பூனை வைத்தியத்திலும் பிரவேசித்துவிட்டது. மூன்றாம் நாள் எல்லாம் சரியாகிவிட்டது. நாலைந்து நாளில் கறியைக் குறைத்துப் பிஸ்கோத்தைக் கூட்டிப் பழைய நிலைக்கு வந்தோம். திடீரென்று இரை மாற்றுவதும் வயிற்றைக் கெடுக்கும் என்பதால் இந்தப் படிப்படி முறை.

பூனை வளர்க்கும் நேயர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறோம். வயது வந்த, சுறுசுறுப்பான பூனைக்கு ஒரு நாள் வயிறு இளகினால் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். குட்டியாயிருந்தாலும், கிழப் பூனையாயிருந்தாலும், ரத்தம் கண்டாலும், வாந்தி தொடர்ந்தாலும், இரையும் நீரும் மறுத்துச் சுருண்டு படுத்தாலும் தெரு வைத்தியர்களைக் கூட்டக் கூடாது. பிராணி வைத்தியரிடம் ஓட வேண்டும். நம் வீட்டு வைத்தியம் நல்லதுதான். அது யாருக்கு ஏற்பட்டது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அன்பு மிகுந்தவர்கள் கையில்தான் அந்தக் கரண்டியும் இருந்தது. காமரா அறைச் சாவியும் இருந்தது.

ஒரு வாரத்துக்குப் பிறகு அத்தை பரண்மேல் ஏதோ தேடிக்கொண்டிருந்தாள். பழைய தகரப் பெட்டியிலிருந்து ஒரு சிறு வெண்கலக் கிண்ணம் வெளியே வந்தது. அதைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்தாள். இப்போது தினந்தோறும் சாயங்காலம் விளக்கேற்றியதும் அத்தை அந்தக் கிண்ணத்தை நிரப்பி ஊஞ்சலடியில் வைக்கிறாள். பால் அல்ல, தண்ணீர்.